கின்ஷாசா ஹோட்டலில் பணம் கட்டும் முன் நோட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒன்பது இரவுகளுக்கு 810 டாலர், காலை உணவும் வரியும் அதற்குள் அடக்கம் என்று அச்சிட்ட உறுதிச்சீட்டோடு உள்ளே போனேன். வெளியே வரும்போது 1,238 டாலர் போயிருந்தது. அதுபோக, எந்தக் கடைக்காரரும் தொட மறுக்கும் கிழிந்த நூறு டாலர் நோட்டு இரண்டு என் பைக்குள் வந்து சேர்ந்திருந்தன. யாரும் கத்தியைக் காட்டிப் பிடுங்கவில்லை. "பப்பா" என்று மரியாதையாக அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து வாங்கிக்கொண்டார்கள்.

கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பொருத்துநராக இருக்கிறேன். 2024 நவம்பரில், காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்ஷாசாவுக்கு நான்கு நீர்மூழ்கிப் பம்புகளைப் பொருத்திக் கொடுத்து வர அனுப்பினார்கள். சென்னையிலிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து கின்ஷாசா. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை இறங்கியதுமே கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள்; கேட்டார்கள்; காட்டினேன். அந்த வரிசையில் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கின்ஷாசா விமான நிலையம் பற்றிக் கேள்விப்பட்ட பயமுறுத்தல்களுக்கெல்லாம் தயாராகப் போயிருந்தேன். எதற்குத் தயாராகவில்லையோ அது ஹோட்டலின் வரவேற்பு மேசையில் காத்திருந்தது.

எங்கள் நிறுவனத்தில் வெளிநாட்டுத் தங்கலுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர்தான் கொடுப்பார்கள். தூதரகங்களும் வங்கிகளும் இருக்கும் கோம்பே பகுதியில் அந்தக் காசுக்குப் புது ஹோட்டல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது பழையது ஒன்று. அதன் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பயனில்லை, நாளைக்குப் பெயர்ப்பலகை மாறும், அதே மேசையில் அதே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வெட்டு காரிலேயே விழுந்தது. ஹோட்டல் கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். நானும் இலவசம் என்று நினைத்துக்கொண்டேன். விமான நிலையத்திலிருந்து கோம்பே சுமார் 25 கிலோமீட்டர். மழையும் நெரிசலுமாக லுமும்பா சாலையில் மூன்று மணி நேரம் நகர்ந்தோம். இறங்கியதும் ஓட்டுநர் 60 டாலர் கேட்டார். பாதிக் காசுக்கு வந்திருக்கலாம் என்று பிறகு தெரிந்தது. ஏறும் முன் கேட்காதது என் தவறு. அதை விட்டுவிடுகிறேன்.

ஹோட்டல் எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டியதாம். நாட்டுக்கு ஸயர் என்று பெயர் இருந்த காலம். 1974 அக்டோபரில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மேனும் இந்த ஊரில் மோதியபோது பத்திரிகைக்காரர்கள் இங்கேதான் தங்கினார்கள் என்று வரவேற்பாளர் பெருமையாகச் சொன்னார். உண்மையாகவே இருக்கலாம். மெத்தையைப் பார்த்தால் அவர்கள் எழுந்து போன பள்ளம் இன்னும் இருப்பதுபோலத்தான் தோன்றியது. லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாம் மாடிக்குக் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். கொசுவலையில் என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஊரிலிருந்து கொண்டுபோன களிம்புதான் காப்பாற்றியது. இதெல்லாம் ஏமாற்று வேலையில் சேராது. பழைய கட்டடம், அவ்வளவுதான்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதைப் படிப்பவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கின்ஷாசாவில் இரண்டு பணம் ஓடுகிறது. காய்கறிக்கும் சில்லறைச் செலவுக்கும் காங்கோ ஃபிராங்க். வாடகை, ஹோட்டல், சாமான் எல்லாவற்றுக்கும் அமெரிக்க டாலர். நான் போனபோது ஒரு டாலருக்கு 2,800 ஃபிராங்குக்கு மேல். இருப்பதிலேயே பெரிய ஃபிராங்க் நோட்டு 20,000; அதன் மதிப்பு அப்போது ஏழு டாலர்தான். ஃபிராங்க் நோட்டு பழைய வேட்டித் துணிபோல நைந்து, அழுக்கேறி, ஒட்டுப் போட்டிருந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. டாலர் நோட்டில் மட்டும் கடுகளவு கிழிசல் இருக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு பேனாக் கோடு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு டாலர் நோட்டைப் பெரும்பாலும் சீண்டுவதே இல்லை. இதை அறிந்துதான் கோவையில் பணம் மாற்றும் இடத்தில் நின்று, ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கியிருந்தேன். எல்லாம் புது நோட்டு.

வரவேற்பாளர் முதலில் 16 சதவீத மதிப்புக்கூட்டு வரி தனி என்றார். வரி உண்மையானதுதான், அந்த நாட்டில் 2012 முதல் இருக்கிறது. ஆனால் என் சீட்டில் அது அடக்கம் என்று போட்டிருந்தது. காட்டினேன். "இது முகவர் எழுதியது, நாங்கள் எழுதியது இல்லை" என்று கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் குரலில் பதில் வந்தது. ஒன்பது நாளுக்கும் முன்கூட்டியே, ரொக்கமாக, மொத்தம் 940 டாலர். கார்டு இயந்திரம் மேசைமேல் அழகாக உட்கார்ந்திருந்தது. இணைப்பு இல்லையாம். இரவு பதினொரு மணி, முப்பது மணி நேரமாகத் தூங்கவில்லை. எண்ணிக் கொடுத்தேன்: ஒன்பது நூறு, இரண்டு இருபது.

அவர் நோட்டுகளை வாங்கிக்கொண்டு, "இயந்திரத்தில் சோதிக்க வேண்டும்" என்று பின்னால் இருந்த அறைக்குள் போனார். ஐந்து நிமிடம். திரும்பி வந்தபோது முகத்தில் மெய்யான வருத்தம். இரண்டு நூறு டாலர் நோட்டுகளை என் முன் வைத்தார். ஒன்றில் மேல் ஓரம் நகக்கண் அளவு கிழிந்திருந்தது. இன்னொன்றில் நடு மடிப்பில் கீறல். "பப்பா, இதை வங்கியில் வாங்க மாட்டார்கள். வேறு கொடுங்கள்."

அவை என் நோட்டுகள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எப்படி நிரூபிப்பது? வரிசை எண்ணைக் குறிக்கவில்லை. நான் கொடுத்த நோட்டும் பச்சைதான், அவர் திருப்பித் தந்ததும் பச்சைதான். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கு ஃபிரெஞ்சு தெரியாது. வாதாட ஆரம்பித்தபோது மின்சாரம் போய், அதோடு இணையமும் போய், மொழிபெயர்ப்புக் குரலும் அடங்கிவிட்டது. இருட்டில் இன்னும் இரண்டு நூறு டாலரை எடுத்துக் கொடுத்துவிட்டு மாடியேறினேன். ரசீது கேட்டதற்குக் காசாளர் காலையில் வந்துதான் தருவார் என்று சைகை செய்தார்கள்.

காலையில் காசாளர் வரவில்லை. மறுநாள் முத்திரை இல்லை. அதற்கு அடுத்த நாள் ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது. நான் விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன். துரத்திப் பிடிக்கத் தெம்பில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங்கோ ஆற்றின் மீது இங்கா என்ற இடத்தில் 1972-லும் 1982-லும் தொடங்கிய இரண்டு பெரிய நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. உலகத்திலேயே மிகப் பெரிய நீர்மின் வளம் அந்த ஆற்றில்தான் என்பார்கள். அதன் கரையில் இருக்கும் தலைநகரத்தில் தினமும் மின்வெட்டு. ஊரார் அதற்குக் கோபப்படுவதைக் கூட நிறுத்திவிட்டார்கள். ஹோட்டல் விளம்பரத்தில் "24 மணி நேர ஜெனரேட்டர்" என்று இருந்தது. ஜெனரேட்டர் இருந்தது, பார்த்தேன், பம்புக்காரன் என்பதால் தொட்டும் பார்த்தேன். நள்ளிரவில் நிறுத்திக் காலை ஆறுக்குத்தான் போடுவார்கள். ஜெனரேட்டர் நின்றால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. "மாயி எஸாலி தே", தண்ணீர் இல்லை. லிங்காலா மொழியில் நான் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் அது. மாடியைத் துடைக்கும் அம்மா ஒருவர் தினமும் காலை ஐந்து மாடி ஏறி எனக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் கேட்கவில்லை. அந்த ஊரில் பெண்கள் எல்லோரையும் "மமா" என்றே அழைக்கலாம், அப்படித்தான் அழைத்தேன். 5,000 ஃபிராங்க் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை என்பது புரிய வேண்டும்.

ஏழாம் நாள் இரவு அறைச் சாவியைக் கேட்டால் தரவில்லை. மேசையில் புது ஆள். பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே ஆறு இரவுகள் என்று எழுதியிருந்தது. மீதி மூன்று இரவுக்கு வரியோடு 313 டாலர் கட்ட வேண்டுமாம். பணம் வாங்கியவர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்.

எங்கள் பம்புகளை விற்கும் கடையில் கிடங்குப் பொறுப்பில் ராஜபாளையத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், அந்த ஊரில் பதினாறு வருடம். அவருக்குத் தொலைபேசி செய்தேன்.

"தம்பி, முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டீர்களா?"

"ஆமாம் அண்ணே."

"ரசீது?"

நான் பேசவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கேயே உட்காருங்கள், வருகிறேன்" என்றார்.

வந்து லிங்காலாவில் முக்கால் மணி நேரம் பேசினார். சத்தமே போடவில்லை. சிரித்தார், அவர்களும் சிரித்தார்கள், குடும்ப நலம் விசாரித்தார்கள். 313 என்பது 200 ஆயிற்று. "போலீசுக்குப் போகலாமே" என்றதற்கு அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கடவுச்சீட்டை மேசையில் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். இன்னும் மூன்று நாளில் விமானம். எது முக்கியம்?" ஆம், அதையும் கொடுத்து வைத்திருந்தேன், பதிவுக்கு வேண்டும் என்று கேட்டதால். நகல் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தரச் சொல்லுங்கள். நகல் எடுக்கும் வரை மேசையை விட்டு நகராதீர்கள். வாடகையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுங்கள், ஒவ்வொரு முறையும் முத்திரையோடு ரசீது வந்த பிறகே நோட்டு கையை விட்டுப் போகட்டும். ரசீதுக்கு அங்கே "ரெஸ்யூ" என்பார்கள். இந்த ஒரு ஃபிரெஞ்சுச் சொல் தெரிந்திருந்தால் போதும். நோட்டுகளை மேசைமேல் பரப்பி, எண் தெரியும்படி வரவேற்பாளர் கண் முன்னாலேயே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். அண்ணன் அப்படித்தான் செய்கிறார். பதினாறு வருடத்தில் அவருக்கு ஒரு நோட்டுகூடக் கிழிந்து திரும்பவில்லை.

கிழிந்த இரண்டு நோட்டுகளையும் அவரிடம் காட்டினேன். தெருவோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கட்டுக்கட்டாக ஃபிராங்கை மடியில் வைத்துப் பணம் மாற்றும் பெண்களில் ஒருவரிடம் அழைத்துப் போனார். கீறல் நோட்டுக்கு 75 டாலர் மதிப்பில் ஃபிராங்க் தந்தார். ஓரம் கிழிந்ததை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். அந்தத் தொழிலில் இவ்வளவு நேர்மையாகத் தள்ளுபடியை முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கடைசி நாள் மேலாளரே வந்தார். துணி துவைத்ததற்கு 38 டாலர் என்று ஒரு தாள் நீட்டினார், எண்ணிக் கொடுத்தேன். ரசீது இல்லாமல் நகர மாட்டேன் என்று கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன், அண்ணன் பக்கத்தில். முத்திரையைத் தேடி மேலாளர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ரப்பர் வளையம் போட்ட டாலர் கட்டு ஒன்று கிடந்தது. மேலே இருந்த நோட்டின் மூலை இல்லை. அவர் இழுப்பறையை மூடினார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பில் வந்தது. ஒன்பது இரவு, 810 டாலர், வரி உட்பட, முத்திரை இரண்டு. நான் கொடுத்தது வேறு தொகை என்றேன். உங்கள் உறுதிச்சீட்டில் இருப்பது இந்தத் தொகைதானே என்று மேலாளர் என் சீட்டையே எனக்குக் காட்டினார். கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். புறப்பாட்டுக் கட்டணமான "கோ பாஸ்" சீட்டுக்கு வைத்திருந்த 50 டாலர் நோட்டைக் காலணிக்குள் வைத்திருந்தேன், அது மட்டும் கசங்காமல் வந்தது.

கோவையில் எங்கள் கணக்குப் பிரிவு அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பில்லை இரண்டு பக்கமும் பார்த்தார். "முத்திரையெல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது சார்" என்று 810 டாலரை அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார்.