நீலக்கால் துறவி நண்டு: கடல்நீர்த் தொட்டிக்கு வாங்கலாமா?

கடல்நீர் மீன்தொட்டியில் பாசி மேய்வதற்கென்று விற்கப்படும் உயிர்களில் மலிவானதும் சுறுசுறுப்பானதும் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நீலக்கால் துறவி நண்டு. அறிவியல் பெயர் கிளிபனேரியஸ் ட்ரைகலர். தாராளமாக வாங்கலாம். ஆனால் நாலு லிட்டருக்கு ஒன்று என்று சொல்லி விற்பார்கள். அதை ஏற்க வேண்டாம். 20 லிட்டருக்கு ஒன்று போதும். நண்டோடு காலிச் சங்குகளையும் சேர்த்து வாங்குங்கள்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகள், பெர்முடா, கரீபியத் தீவுகள்தான் இதன் ஊர். ஓதம் ஏறி இறங்கும் கரையோரப் பாறைக் குட்டைகளில் வாழ்கிறது. தண்ணீர் வற்றும்போது கல்லிடுக்கு நிழலில் கும்பலாக ஒடுங்கிக் கிடக்கும். செவுளில் ஈரம் இருக்கும்வரை தாங்கும். மெல்லிய பாசி, மட்கிய இலைத்துகள், செத்த மீன் என்று கிடைத்ததைத் தின்னும். தொட்டியில் நமக்கு உதவுவதும் இதே குணம்தான். மீன் விட்டுவைத்த தீனி கல்லுக்கடியில் அழுகி, நைட்ரேட் என்னும் கழிவுப்பொருளைத் தண்ணீரில் ஏற்றுவதற்குள் தேடி எடுத்துவிடும். கல்லில் படர்ந்த குட்டையான நூல்பாசியை நன்றாக மேயும். நூல் நீண்டுவிட்டால் முதலில் கையால் பிடுங்கிவிடுங்கள். குமிழ்ப்பாசியை இதை நம்பி விடக்கூடாது. கண்ணாடியைச் சுத்தம் செய்யவும் இதனால் ஆகாது, அதற்கு நத்தைதான் வேண்டும்.

அந்த நத்தைகளுக்கு இந்த நண்டால் ஆபத்து வரும். துறவி நண்டின் வயிறு மென்மையானது, ஒரு பக்கமாகச் சுருண்டது. சங்கில்லாமல் அது பிழைக்க முடியாது. வளர வளர அடுத்த அளவுச் சங்கு வேண்டும். காலியாக ஒன்றும் இல்லையென்றால் உயிருள்ள நத்தையைக் கொன்றுவிட்டு அதன் ஓட்டில் குடியேறும். பசியும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஆகவே நண்டு ஒன்றுக்கு இரண்டு மூன்று காலிச் சங்குகள் போடுங்கள். இப்போது இருப்பதைவிட வாய் சற்றே அகலமாக, வட்டமாக இருக்க வேண்டும். சோழி போன்ற கீற்றுவாய்ச் சங்கு உதவாது. சாயம் பூசியது கூடவே கூடாது. பத்து நிமிடம் கொதிக்கவைத்து அலசிவிட்டுப் போடலாம். பாசி தீர்ந்த தொட்டியில் வாரம் இருமுறை மூழ்கும் குருணைத் தீனியோ சிறு துண்டு நோரியோ (உலர்ந்த கடற்பாசித் தாள்) கொடுத்தால் நத்தைகள் தப்பிக்கும்.

கடையில் தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு, சற்று நேரத்தில் எட்டிப் பார்க்கும் நண்டே நல்லது. சங்கைவிட்டு உடல் தொங்கினால் அது சாகப்போகிறது. இரண்டு கொடுக்குகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள். இடக்கொடுக்கு தெளிவாகப் பெரிதென்றால் அது கால்சினஸ் என்னும் வேறு பேரினத்து நண்டு. சிவப்பு உடலில் கருவளையமிட்ட வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் டார்டனஸ் மெகிஸ்டோஸ் என்னும் வேறொரு துறவி நண்டின் குஞ்சு. அது பெரிதாக வளர்ந்து கண்டதையெல்லாம் வேட்டையாடும், பவளத் தொட்டிக்கு ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் பையோடு தொட்டியில் கவிழ்க்காதீர்கள். கடைத் தண்ணீரின் உப்படர்த்தி பெரும்பாலும் குறைவாக இருக்கும். திடீர் மாற்றம் நண்டைக் கொல்லும். வாளியில் விட்டு, குழாய் வழியே நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக உங்கள் தொட்டி நீரை இறக்குங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், தண்ணீர் மூன்று மடங்காகும்வரை விடவும். பிறகு நண்டை மட்டும் எடுத்துப் போடுங்கள். மீன் நோய்க்காகக் கடைகளில் தாமிர மருந்து கலப்பதுண்டு. நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளுக்கு அது நஞ்சு. உங்கள் தொட்டியிலும் அந்த மருந்தைச் சேர்க்கவே கூடாது. உப்படர்த்தி (ஒப்படர்த்தி அளவில்) 1.024 முதல் 1.026, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருந்தால் நலமாக வாழும்.

சில நாளில் கல்மேல் நண்டு செத்துக் கிடப்பதுபோல் தெரியலாம். எடுத்து முகருங்கள். நாற்றமில்லாமல், உள்ளே வெறுமையாக, கண்ணாடிபோல் லேசாக இருந்தால் அது உரித்த தோல். நண்டு எங்கோ ஒளிந்து புதுத்தோல் இறுகக் காத்திருக்கிறது. கல்லைப் புரட்டித் தேடினால் கெடுதல்.

விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் முதலில் நீரில் மிதந்து திரிகிற மிதவுயிரிகள். வீட்டுத் தொட்டியில் வடிகட்டியும் பம்பும் அவற்றை விட்டுவைப்பதில்லை. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நத்தை அதிகம் வைத்திருப்பவர்கள் சிவப்புக்கால் நண்டான பகுரிஸ்டெஸ் கடெனாட்டியைப் பார்க்கலாம். அதுவும் கரீபியக் கடலைச் சேர்ந்ததுதான். விலை கூடுதல், மேய்ச்சலும் மெதுவாக நடக்கும். ஆனால் சண்டை குறைவு. நாம் அதற்கே முதலிடம் கொடுப்போம்.