முன்பாரமும் பின்பாரமும்: ஸ்போர்ட்ஸ் காரின் எடையைக் குறைக்கும் மூன்று வழிகள்

1960களின் நடுவில் போர்ஷ் நிறுவனம் தன் 911 கார்களின் முன் பம்பருக்குள் எடைக் கட்டிகளைப் பொருத்தி விற்றது. இலேசான கார்களைக் கட்டுவதில் பெயர் பெற்ற நிறுவனம் தானே எடையைக் கூட்டியதற்கு வலுவான காரணம் இருந்தது. 911 காரின் எஞ்சின் பின் அச்சையும் தாண்டிப் பின்னால் இருந்ததால், வளைவின் நடுவில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசிச் சென்றது. 1969ஆம் ஆண்டு மாடலில்தான் முறையான தீர்வு வந்தது. முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 57 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. பேட்டரி இரண்டாகப் பிரிக்கப்பட்டு முன்பக்கத்தின் இரு மூலைகளிலும் வைக்கப்பட்டது. எஞ்சினின் கிராங்க் கேஸ் எனப்படும் அடிப்பெட்டி, எடை குறைந்த மக்னீசியத்தில் வார்க்கப்பட்டது.

பாரவண்டி ஓட்டியவர்கள் இந்தச் சிக்கலை உடனே புரிந்துகொள்வார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். மூட்டைகளின் மொத்த எடை மாறாமலே, அவற்றை அடுக்கும் இடத்தைப் பொறுத்து வண்டி நன்றாகவும் ஓடலாம், மாட்டை வதைக்கவும் செய்யலாம். காரில் இதனுடன் இன்னொரு கணக்கும் சேர்கிறது. வளைவில் திரும்பும் கார் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றிச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பது, அதன் எடையையும் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் கிடைப்பது. 20 கிலோ எடையுள்ள ஒரு பொருள் மையத்திலிருந்து 1.6 மீட்டர் தள்ளி இருந்தால், 0.4 மீட்டர் தள்ளி இருப்பதைவிடப் பதினாறு மடங்கு எதிர்ப்பைத் தரும். எனவே எடை குறைப்பு முறைகளை ஒப்பிடும்போது, எத்தனை கிலோ குறைந்தது என்பதற்கு முன், எங்கிருந்து குறைந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் வழி, ஏற்கெனவே உள்ள காரிலிருந்து வேண்டாதவற்றைக் கழற்றுவது. இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1973ஆம் ஆண்டின் போர்ஷ் 911 கரெரா ஆர்எஸ் 2.7. உடற்கூட்டின் தகடும் கண்ணாடியும் மெல்லியவையாக்கப்பட்டன. பின் இருக்கைகள், கடிகாரம் போன்றவை நீக்கப்பட்டன. கதவைத் திறக்கத் தோல் பட்டை வைக்கப்பட்டது. வசதிகளுடன் வந்த டூரிங் வகை 1,075 கிலோ இருந்தபோது, இந்த இலேசான வகை 960 கிலோவில் நின்றது. எனினும் எடைக் குறைப்பை மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்தக் காரின் கதை பாதிதான். அதில் பின் சக்கரங்கள் ஏழு அங்குல அகலமும் முன் சக்கரங்கள் ஆறு அங்குல அகலமும் கொண்டிருந்தன. போர்ஷின் சாலைக் கார்களில் முன்னும் பின்னும் வேறு வேறு அகலத்தில் சக்கரம் வைப்பது அதற்கு முன் இல்லாத வழக்கம். வேகத்தில் பின்புறம் மேலெழும்புவதைத் தடுக்க, வாத்து வால் போன்ற ஸ்பாய்லர் எஞ்சின் மூடியில் பொருத்தப்பட்டது. எடை குறைந்த காருக்கு 210 குதிரைத்திறன் கொடுத்தவர்கள், அதன் பின்பாரத்தைத் தாங்குவதற்கான பிடிப்பையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

ஹோண்டாவின் 1992ஆம் ஆண்டு என்எஸ்எக்ஸ் ஆர் இதே வழியில் இன்னும் நுணுக்கமாக நடந்தது. அலுமினிய உடற்கூடு கொண்ட மூலக் காரே 1,350 கிலோ அளவில்தான் இருந்தது. அதிலிருந்து ஏசி, ஒலித்தடுப்புப் பொருள்கள், ஸ்டெப்னி ஆகியவற்றை நீக்கி, கார்பன் இழை கலந்த இருக்கைகளைப் பொருத்தி, ஏறத்தாழ 120 கிலோவைக் குறைத்தார்கள். அத்துடன் சக்கரங்களை உடற்கூட்டோடு இணைக்கும் சஸ்பென்ஷனையும் புதிதாக வகுத்தார்கள். குறிப்பாக முன் ஸ்பிரிங்குகளைப் பின் ஸ்பிரிங்குகளைவிடக் கடினமாக்கினார்கள். எஞ்சின் நடுவில் இருக்கும் கார் வளைவில் பின்பக்கம் வீசுவதை அடக்குவதற்கான ஏற்பாடு அது. கழற்றும் வேலையைச் சில நாள்களில் முடித்துவிடலாம், கழற்றிய காரை மீண்டும் சமன்செய்யும் வேலைதான் நீளமானது என்பதை இந்த இரண்டு கார்களும் காட்டுகின்றன.

இரண்டாவது வழி, பொருளை மாற்றுவது. இதில் லோட்டஸ் எலீஸையும் ஆல்ஃபா ரோமியோ 4சி காரையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது மிகவும் பயன் தரும். 1996இல் விற்பனைக்கு வந்த எலீஸின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், அச்சில் பிழிந்தெடுத்த அலுமினியச் சட்டங்களை எபாக்சி பசையால் ஒட்டிச் செய்தது. எடை 68 கிலோ. 2013இல் வந்த 4சி காரின் நடுக்கூடு முழுவதும் கார்பன் இழை. எடை 65 கிலோ. இரண்டுக்கும் இடையே பதினேழு ஆண்டுகளும், செலவில் பெரும் வேறுபாடும் இருக்க, மிச்சமானது மூன்று கிலோ மட்டுமே. கார்பன் கூடு விறைப்பில் மேலானது என்பதை மறுக்கவில்லை; ஆனால் முழுக் காரையும் எடை போட்டால் முதல் எலீஸ் சுமார் 725 கிலோ, 4சி திரவங்கள் இல்லாமலே 895 கிலோ. டர்போ எஞ்சின், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், பெரிய சக்கரங்கள், காலப்போக்கில் கூடிய விபத்துப் பாதுகாப்பு விதிகள் என ஒவ்வொன்றும் அந்தக் கூட்டின்மேல் ஏறி அமர்ந்துகொண்டன. விலை உயர்ந்த பொருள் ஒரு பாகத்தின் எடையைக் குறைக்கும். காரின் எடையைக் குறைக்கத் தேவைப்படுவது, அந்தப் பாகத்தின்மேல் எதை ஏற்றக் கூடாது என்ற முடிவு.

இரண்டு கார்களிலும் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் குறுக்காக இருக்கிறது. எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு முன்னாலும் 60 விழுக்காடு பின்னாலும் விழுகிறது. முன் சக்கரங்களின்மேல் பாரம் குறைவாக இருப்பதால்தான் இரண்டிலும் பவர் ஸ்டியரிங் இல்லாமலே ஓட்ட முடிகிறது. அதன் மோட்டாரும் பம்பும் சேர்க்கும் எடையும் மிச்சமாகிறது. ஒரு நல்ல முடிவு அடுத்த நல்ல முடிவுக்கு வழி திறப்பதை இங்கே காணலாம். ஆனால் ஒரே மாதிரியான அமைப்பிலிருந்து புறப்பட்ட இந்த இரு கார்களும் சாலையில் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. எலீஸ் முன்னால் 185 மில்லிமீட்டர் அகல டயர்களுடனும், மென்மையான ஸ்பிரிங்குகளுடனும், முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு கைகள் பிடிக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனுடனும் வந்தது. அதன் ஸ்டியரிங் பேசும் தெளிவை இன்றுவரை பலர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். 4சி காரின் பின்புறத்தில், மேல் கைக்குப் பதிலாக ஷாக் அப்சார்பரே சக்கரத்தைப் பிடிக்கும் எளிய ஸ்ட்ரட் சஸ்பென்ஷன், முன்னால் 205 மில்லிமீட்டர் டயர்கள். சாலையின் பள்ளமேடுகளைத் தொடர்ந்து ஸ்டியரிங் தானாக இழுபடுகிறது என்ற குறையை, காரைச் சோதித்து எழுதிய பலரும் குறிப்பிட்டார்கள். பொருள் உயர்ந்ததாக இருந்தும் சமநிலையில் 4சி பின்தங்கியது என்பதே என் மதிப்பீடு.

பொருளை மாற்றுவது முழுப் பலனைத் தருவது, அதை உயரமான இடத்தில் செய்யும்போதுதான். 2003ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல் காரில் எஃகுக் கூரைக்குப் பதிலாகக் கார்பன் இழைக் கூரை வைத்ததால் குறைந்தது ஆறு கிலோ அளவுதான். எண்ணிக்கையில் அது மிகச் சிறிது. ஆனால் காரின் மிக உயரமான இடத்திலிருந்து எடுத்த ஆறு கிலோ, ஈர்ப்பு மையத்தைக் கீழிறக்குவதில், தரையோடு ஒட்டிய இடத்தில் எடுத்த ஆறு கிலோவால் ஈடுகட்ட முடியாத பங்கைச் செய்கிறது. கீழே குறைத்த எடை, ஈர்ப்பு மையத்தை உண்மையில் மேலே ஏற்றவே செய்யும்.

மூன்றாவது வழி, காரை வரையத் தொடங்கும்போதே சிறிதாக வரைந்து, கிராம் கிராமாகக் கணக்குப் பார்ப்பது. மஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நிகரற்ற சான்று. 1989இல் வந்த முதல் தலைமுறையின் ஜப்பானிய வகை சுமார் 940 கிலோ. எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டது. பேட்டரி டிக்கிக்கு அனுப்பப்பட்டது. கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் இணைத்தது. முன்னும் பின்னும் பாரம் ஏறத்தாழ சரிபாதியாக அமைந்தது இப்படித்தான். மூன்றாம் தலைமுறைக்காக உள்ளே இருக்கும் பின்னோக்குக் கண்ணாடியின் வடிவத்தை எளிமையாக்கி 84 கிராம் குறைத்ததை மஸ்டா பெருமையுடன் அறிவித்தது. 84 கிராம் என்பது கைநிறைய கடலையின் எடை. ஆனால் நூற்றுக்கணக்கான பாகங்களில் இதே கண்டிப்பைக் காட்டும் ஒரு வடிவமைப்புக் குழுவுக்கு, 2015இல் வந்த நான்காம் தலைமுறையை முந்தையதைவிடச் சுமார் 100 கிலோ குறைத்து, ஜப்பானின் அடிப்படை வகையை 990 கிலோவுக்குள் நிறுத்த முடிந்தது. கார் 105 மில்லிமீட்டர் குட்டையானது; எஞ்சின் 1.5 லிட்டரானது, பானெட், டிக்கி மூடி ஆகியவற்றுடன் முன் ஃபெண்டரும் அலுமினியமானது. இவை பெரும்பாலும் காரின் இரு முனைகளில் உள்ளவை, அதாவது மையத்திலிருந்து தொலைவில் இருப்பவை. சக்கரத்துக்கு ஐந்து நட்டுகளுக்குப் பதிலாக நான்கு வைத்ததும் என்னை மிகவும் கவர்ந்த முடிவு. எடை குறைந்த காருக்குச் சிறிய டயர் போதும், சிறிய டயருக்குச் சிறிய பிரேக் போதும், அவற்றைப் பிடித்திருக்க நான்கு நட்டுகள் போதும். ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் பாகத்தில் குறையும் எடை என்பதால் அதன் பலன் இன்னும் கூடுதல்.

மூன்றையும் அன்றாட வாழ்வில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விரிகிறது. கழற்றிய கார் சத்தமிடும், வெயிலில் வேகவைக்கும். ஒட்டிய அலுமினியச் சேஸிஸோ கார்பன் கூடோ விபத்தில் சேதமடைந்தால், சாதாரணப் பட்டறையில் தட்டி நிமிர்த்த முடியாது. பல நேரங்களில் முழுச் சேஸிஸையே மாற்ற வேண்டியிருக்கும். எம்எக்ஸ்-5 காரின் எஃகு உடற்கூட்டை எந்தத் தேர்ந்த பட்டறையும் சரிசெய்யும்.

ஏற்கெனவே ஒரு காரை வைத்திருப்பவருக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் முதல் வழிதான். அதனால் அதன் ஆபத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1,000 கிலோ எடையும், அச்சுகளுக்கு இடையே 2,265 மில்லிமீட்டர் தூரமும், சரிபாதிப் பாரமும் கொண்ட ஒரு காரின் டிக்கியிலிருந்து 15 கிலோ ஸ்டெப்னியை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது பின் அச்சுக்கு 600 மில்லிமீட்டர் பின்னால் இருந்திருந்தால், பின் சக்கரங்களின் பாரம் சுமார் 19 கிலோ குறைகிறது. முன் சக்கரங்களின் பாரமோ சுமார் 4 கிலோ கூடுகிறது. கார் இலேசானது, ஆனால் முன்பாரம் 51 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. கடும் பிரேக் போடும்போது பின் சக்கரங்கள் முன்னைவிட விரைவில் பூட்டிக்கொள்ளும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் இது உயிருக்கே ஆபத்து. இதே காரில் ஏசியின் கண்டென்சரையும் கம்ப்ரெசரையும் சேர்த்து நீக்கினால் முன்பக்கமும் குறைந்து தராசு நிமிரும். பக்கத்து இருக்கையைக் கழற்றுவது முன்பின் கணக்கைப் பெரிதாக மாற்றாது. ஆனால் ஓட்டுநர் அமர்ந்திருக்கும் பக்கம் ஏற்கெனவே கூடுதல் பாரம் தாங்குவதால், இடவலச் சமநிலையை அது மேலும் கெடுக்கும். பம்பருக்குப் பின்னால் உள்ள உலோகத் தாங்கியையும் கதவுக்குள் இருக்கும் பாதுகாப்புத் தண்டுகளையும் எடைக்காக எவரும் தொடவே கூடாது.

ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யப் பணம் இருக்கிறது என்றால், இலேசான சக்கரங்களையே நான் சொல்வேன். நான்கு மூலைகளிலும் சம அளவில் குறைவதால் முன்பின் விகிதம் ஏறத்தாழ மாறாது, சஸ்பென்ஷன் மேடுபள்ளங்களை விரைவாகத் தொடரும், ஸ்டியரிங் தெளியும். பேட்டரியை லித்தியம் வகைக்கு மாற்றுவது அடுத்த இடத்தில் வரும், ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே: பானெட்டுக்குள் இருந்தால் முன்பாரம் மிக்க காருக்கு இரட்டைப் பலன், முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 போல டிக்கியில் இருந்தால் மஸ்டாவின் பொறியாளர்கள் கருதி வைத்த எதிர்ப்பாரத்தை நாமே எடுத்துவிடுகிறோம்.

உடற்கூட்டின் எடை பத்து விழுக்காடு குறைந்தால், அதே ஸ்பிரிங்கின்மேல் அது துள்ளும் வேகம் சுமார் ஐந்து விழுக்காடு கூடும். சாதாரண ஸ்போர்ட்ஸ் காரில் உயரமும் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு மேலெழும்பும். அதனுடன் சக்கரங்களின் சாய்வுக் கோணமும் மாறும். ஆகவே எதைக் கழற்றுவதற்கு முன்னும், ஓட்டுநரை இருக்கையில் அமர்த்தி, டேங்கில் பாதி எரிபொருளுடன், நான்கு சக்கரங்களையும் நான்கு தனித் தராசுகளில் நிறுத்தி எடை குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே நிலையில் மீண்டும் நிறுத்திப் பார்த்து, ஸ்பிரிங்கின் உயரத்தையும் சக்கரக் கோணங்களையும் சரிசெய்த பின்பே அடுத்த பாகத்தின் நட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும்.