நேராகப் பல்கலைக்கழகமா, சமுதாயக் கல்லூரி வழியா?

கலிபோர்னியாவில் அரசியல் அறிவியல் படிக்க இரண்டு வழி உண்டு. நேராகப் பல்கலைக்கழகம் என்றால் நான்கு ஆண்டும் ஒரே வளாகம், தொடக்கத்திலிருந்தே பேராசிரியர்களின் பழக்கம். செலவுதான் அதிகம்.

சமுதாயக் கல்லூரி என்பது முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைத் தரும் அரசுக் கல்லூரி. அங்கே மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட், அதாவது பாட அளவின் ஓர் அலகு, 46 டாலர். இரண்டு ஆண்டுக்கான 60 யூனிட்டுக்கு 2,760. அதற்குள் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான அசோசியேட் பட்டம் (இரண்டு ஆண்டுப் பட்டம்) வாங்கினால், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி. விரும்பிய வளாகமேதான் என்று சொல்ல முடியாது. மாலை வகுப்பில் கடைச் சீருடையோடு வந்து அமர்ந்து, மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் அதிகாரம் எப்படிப் பிரிகிறது என்று குறிப்பெடுப்பவர்களும் உண்டு. அப்புறம் நகராட்சி வேலை, சட்டப் படிப்பு என்று அவர்களுக்கும் வழி திறக்கும்.

பணம் இடித்தால் தயங்காமல் சமுதாயக் கல்லூரியைத்தான் சொல்வேன். முதல் பருவத்திலேயே ஆலோசகரைப் பார்த்து, எந்தப் பாடம் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.