தர்ஷினி, மிலிட்டரி ஹோட்டல், பார்: பெங்களூரில் எங்கே உட்காருவது?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு வரும் நண்பர்கள் கையோடு ஒரு பட்டியல் கொண்டுவருகிறார்கள். ரீலில் பார்த்த வெண்ணெய் வழியும் தோசை, இந்திராநகரில் பீர் காய்ச்சும் இடம், யாரோ சொன்ன தொன்னை பிரியாணி. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, எதுப்பா டாப் என்று கேட்பார்கள். ருசியை மட்டும் வைத்துப் பதில் சொல்லப் போனால் சண்டைதான் மிஞ்சும். அதனால் நான் வேறொரு கணக்குப் பார்ப்பேன். அந்தக் கடை உங்களை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது? பேட்டைக்குப் பேட்டை இருக்கிற சின்னக் கடைகளை இந்தக் கேள்வி சுலபமாகப் பிரித்துக் காட்டிவிடும். நின்றபடியே டிபன் சாப்பிடும் தர்ஷினி பத்து நிமிடம் தரும். அசைவச் சாப்பாடு போடும் மிலிட்டரி ஹோட்டல் அரை மணி தரும். பார் அண்ட் ரெஸ்டாரண்ட் என்றால் விளக்கை அணைக்கும்வரை.

தர்ஷினியில் பெரும்பாலும் நாற்காலியே கிடையாது. 1983-இல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் தொடங்கிய கஃபே தர்ஷினிதான் இந்த வகைக்கு முன்னோடி. கல்லாவில் காசைக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், கவுன்டரில் நீட்ட வேண்டும், தட்டை எடுத்துக்கொண்டு மார்பளவு உயர எவர்சில்வர் மேஜையோரம் நின்று சாப்பிட வேண்டும். சப்ளையர் இல்லை, டிப்ஸ் இல்லை, மேஜைக்கு என்று பெரிதாக இடமும் வேண்டாம். அடுப்பு கண்ணெதிரே இருக்கும். ஆள் வேகமாக நகர்வதால் இட்லி ஆற நேரமில்லை, சட்னி புளிக்கவும் நேரமில்லை. இன்றைக்கும் சாதாரண பேட்டைக் கடையில் இட்லி, வடை, காபி எல்லாம் சேர்த்து 100 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறதென்றால் அந்த நாற்காலி இல்லாததுதான் காரணம்.

நின்று சாப்பிடும் இடங்களில் எனக்குப் பிடித்தது தர்ஷினி அலை வருவதற்கு முன்பே, 1965-இல் சங்கரபுரத்தில் தொடங்கிய பிராமின்ஸ் காபி பார். இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காபி, டீ. பட்டியல் ஏறக்குறைய அவ்வளவுதான். சாம்பார் கிடையாது. சட்னி மட்டும், அதை எத்தனை தரம் வேண்டுமானாலும் கேட்டு ஊற்றிக்கொள்ளலாம். சாம்பார் இல்லாமல் ஒரு இட்லிக் கடையா என்று முகம் சுளிக்கும் தமிழர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ அதுவே நிம்மதி. பெங்களூர்ச் சாம்பாரில் வெல்லம் தலைகாட்டும், அதற்கு நாக்குப் பழக வருடக்கணக்கில் ஆகும். பழகாதவர்கள் வேறு தர்ஷினிக்குப் போனால் 'டிப்' என்று மட்டும் கேட்காதீர்கள். இட்லியையும் வடையையும் சாம்பாரிலேயே முழுக்காட்டித் தந்துவிடுவார்கள்.

வித்யார்த்தி பவனையும் சி.டி.ஆரையும் பலர் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். அவை தர்ஷினிகள் அல்ல, உட்கார்ந்து சாப்பிடும் பழைய ஹோட்டல்கள். காந்தி பஜாரின் வித்யார்த்தி பவன் 1943-இல் தொடங்கியது. கை நிறைய தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சப்ளையர் வருவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் போகிறது. மல்லேஸ்வரத்து சி.டி.ஆரின் பென்னே (வெண்ணெய்) மசாலா தோசை வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. இரண்டில் எது என்றால் என் ஓட்டு சி.டி.ஆருக்கு. ஆனால் விடுமுறை நாட்களில் இரண்டிலும் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்த பிறகும், அடுத்து யார் என்று பார்க்கும் கண்கள் முதுகில் குத்தும். நாற்காலி உண்டு, சாவகாசம் கிடையாது. அந்த வகையில் தர்ஷினியே நேர்மையானது, அது உட்காரச் சொல்லி ஆசை காட்டுவதில்லை.

தர்ஷினிக்கு இன்னொரு பெரிய பலம் உண்டு. ஒரு பெண் தனியாகக் காலை ஆறரைக்கோ இரவு ஒன்பதுக்கோ வந்து காபி குடித்துவிட்டுப் போகலாம், யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். நான் இங்கே ஒப்பிடும் மற்ற எந்த வகைக் கடைக்கும் இதை அடித்துச் சொல்ல முடியாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, மிலிட்டரி ஹோட்டல். இங்கேதான் சென்னைக்காரர்கள் தவறவிடும் சங்கதி இருக்கிறது. தோசை எங்கும் கிடைக்கும். களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் மதிய நேரத்தில் சுடச்சுட, அக்கம்பக்கத்து அலுவலகக் கூட்டத்தோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுவது சென்னையில் அவ்வளவு சுலபமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு ராகி முத்தே ஒன்றும் புதிதல்ல, அவர்கள் வீட்டுக் களிதான் அது. சென்னைப் பிள்ளைகள்தான் முதல் உருண்டையை மென்று பார்த்துவிட்டு, பல்லில் ஒட்டுகிறது என்பார்கள். மெல்லக் கூடாது. விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். முத்தேக்குச் சொந்தமாகப் பெரிய ருசி கிடையாது. அதனால் குழம்பு சரியில்லை என்றால் மறைக்க வழியே இல்லை. புதிதாக ஒரு மிலிட்டரி ஹோட்டலைச் சோதிக்க பிரியாணியை வாங்காதீர்கள், முத்தேயும் நாட்டி கோழி சாரும் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பிரியாணி வேண்டாம் என்று அர்த்தமில்லை. பாக்கு மட்டைத் தொன்னையில் வரும் பிரியாணி இந்த ஊரின் தனி அடையாளம். அரிசி நம்ம சீரகச் சம்பாதான், ஆனால் மசாலா வேறு. ஆம்பூரில் சிவப்பு மிளகாய் பேசும் இடத்தில் இங்கே புதினாவும் கொத்தமல்லியும் பேசும், நிறமே பச்சை தட்டும். ஆம்பூர் பிரியாணியோடு வளர்ந்தவன் என்பதால் என் தீர்ப்பை நம்ப வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன்: மட்டன் என்றால் ஆம்பூர், சிக்கன் என்றால் தொன்னை. கூடவே கைமா உண்டே (கைமா உருண்டை), போட்டி, தலைக்கறி, கால் சூப்பு என்று ஆட்டின் எந்தப் பாகத்தையும் வீணாக்காத பட்டியல் இருக்கும். ஜெயநகரின் சிவாஜி மிலிட்டரி ஹோட்டலில் ஞாயிறு மதியம் இடம் பிடிப்பது தட்கல் டிக்கெட் எடுப்பது போல. காட்டன்பேட்டைப் பக்கம் எஸ்.ஜி. ராவ் மிலிட்டரி ஹோட்டல் அதைவிடப் பழைய வாசனை உள்ள இடம்.

குறைகளும் உண்டு. இது மதியத்துக்கான கடை. நல்ல கடைகள் பலவற்றில் மூன்று மணிக்கு மேல் போனால் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மேஜையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், எதிரே உட்கார்ந்திருப்பவர் எலும்பை உறிஞ்சுவதை ரசிக்கும் மனப்பக்குவம் வேண்டும். சாப்பிட்ட இலையை வைத்துக்கொண்டு கதை பேச முடியாது. கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் 'இன்னேனு பேக்கு?' (இன்னும் என்ன வேண்டும்?) என்று இரண்டு தரம் கேட்டுவிட்டால் எழுந்திருக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம், முத்தேயை ஆப்பில் ஆர்டர் பண்ணி வீட்டில் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். வண்டி, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுவதற்குள் அது இறுகிப்போயிருக்கும்.

இனி பார். பேட்டைக்கு நாலைந்து இருக்கும். மாடிப்படி ஏறிப் போகவேண்டிய மங்கலான ஹால், ஓடிக்கொண்டே இருக்கும் கிரிக்கெட், ஓரத்தில் மரத் தடுப்பு வைத்து 'ஃபேமிலி' என்று பலகை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இங்கே முதலில் உறைப்பது வெளிச்சமோ விலையோ அல்ல, யாரும் அவசரப்படாமல் இருப்பதுதான்.

அதற்குக் காரணம் உரிம முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கர்நாடகத்தில் சில்லறை மதுக்கடைக்கு சி.எல்-2, பார் அண்ட் ரெஸ்டாரண்டுக்கு சி.எல்-9 என்று தனித்தனி உரிமங்கள், நடத்துபவர்கள் பெரும்பாலும் தனியார். பாட்டிலை அச்சிட்ட விலைக்கே வாங்க வேண்டுமென்றால் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கூடுதல் விலை கொடுத்து பாருக்குள் வருபவன் நாற்காலிக்கும் அடுப்படிக்கும்தான் வருகிறான். ஆகவே பார்க்காரர் நல்ல சமையல்காரரை வைத்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். பெரிய ஹோட்டல், கிளப் பார்களை விட்டுவிட்டால், மற்றது கடையை ஒட்டிய பார். அங்கே ஆள் வருவது கடைக்காக, சுண்டலுக்காக இல்லை. அந்த சுண்டல் எப்படி இருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

பெங்களூர் பாரில் சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆந்திரக் கை படிந்த சில்லி சிக்கன், பெப்பர் ட்ரை, முட்டை புர்ஜி, வெங்காயம் தூவிய மசாலா கடலை. கோபி மஞ்சூரியன் இல்லாத பார் கிடையாது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபியில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. அதற்குப் பிறகு ரத்தச் சிவப்பாக வருகிற கோபி உங்கள் மேஜைக்கு வந்தால் அந்தக் கடையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். அளவிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். நம்ம ஊரில் எல்லாம் குவார்ட்டரில் ஆரம்பிக்கும், இரண்டு பேர் கட்டிங் போட்டுக்கொள்வார்கள். இங்கே 'நைன்டி' என்று 90 மில்லிதான் பேச்சு. தனியாளாக வந்து ஒரு நைன்டி, ஒரு ஆம்லெட், அரை மணி நேரம் டிவி, வீட்டுக்குக் கிளம்பிவிடும் மனிதர்கள் மாலை ஏழு மணிக்கு நிறையப் பேர். இந்த அடக்கத்தைச் சென்னை பார்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இதன் பெரிய குறை, ஃபேமிலி பலகை தொங்கினாலும் பேட்டை பார் ஆண்களின் இடம்தான். தோழிகளைக் கூட்டிக்கொண்டு போக நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர்களுக்கு ரெஸ்ட் ஹவுஸ் சாலையின் பெக்கோஸ் மாதிரி இடம் சரி. 1989-இலிருந்து பழைய ராக் பாட்டும் ஜக் பீருமாக ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை. வயிறும் பேச்சும் சேர்ந்தே வேண்டுமென்றால் செயின்ட் மார்க்ஸ் சாலை கோஷீஸ். காபி குடிப்பவரும் பீர் குடிப்பவரும் ஒரே மேஜையில் மணிக்கணக்காக உட்காரலாம், அது சின்னக் கடை இல்லை என்றாலும்.

அங்கேயே பீர் காய்ச்சித் தரும் மைக்ரோ ப்ரூவரி பற்றியும் கேட்பீர்கள். 2010-இல் இந்திராநகரில் டாய்ட் வந்த பிறகு ஊர் முழுக்க முளைத்துவிட்டன. பீர் நன்றாகத்தான் இருக்கும், குறிப்பாகக் கோதுமை பீர். ஆனால் ஒரு பெரிய கோப்பையின் விலைக்கு நாலு பேர் தர்ஷினியில் காலை டிபனை முடித்துவிடலாம். சனிக்கிழமை இரவு சத்தத்தில் எதிரே இருப்பவர் சொல்வது கேட்காது. பக்கத்து மேஜையில் ஆபீஸ் டீம் அவுட்டிங் வேறு. போக ஆசைப்பட்டால் வார நாளில் மதியம் போங்கள்.

மொழி விஷயமும் ஒன்று. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கம் தமிழிலேயே ஆர்டர் கொடுக்கலாம். மற்ற இடங்களில் இரண்டு வார்த்தை கன்னடம் பேசினால் கவனிப்பே மாறிவிடும். 'அண்ணா, சக்கரே கம்மி' என்றால் காபியில் சர்க்கரை குறையும். ஒரு காபியைப் பிரித்துக்கொள்ள 'பை-டூ' போதும். காலியான தம்ளரும் சேர்ந்தே வரும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் என் ஏற்பாடு இது. காலை ஏழரைக்கு பிராமின்ஸ், மதியம் பன்னிரண்டரைக்கு ஏதாவது ஒரு மிலிட்டரி ஹோட்டல், மாலை ஆறுக்கு நீங்கள் தங்கியிருக்கும் பேட்டையிலேயே நடந்து போகிற தூரத்து பார். 2024-இலிருந்து மாநகராட்சி எல்லைக்குள் பார்கள் இரவு ஒரு மணி வரை திறந்திருக்கலாம் என்று அனுமதி இருந்தாலும், சின்ன பார்களில் அதற்கு வெகு முன்பே கடைசி ஆர்டர் கேட்டு வந்துவிடுவார்கள். மூன்றில் ஒன்றை வெட்டத்தான் வேண்டும் என்றால் காலை இட்லியை வெட்டுங்கள், முத்தேயை வெட்டாதீர்கள். பயணத்தைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வது நல்லது. பிராமின்ஸுக்கு ஞாயிறு விடுமுறை, வித்யார்த்தி பவனுக்கு வெள்ளி விடுமுறை.