கல்சிலுவையும் திராட்சைத் தோட்டமும்: அக்ரிலிக்கா, எண்ணெய் வண்ணமா?

கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் தலைமுறைகளாக வாழும் ஆர்மீனியர்களின் நினைவில் 'கச்கார்' எனப்படும், பின்னல் கோடுகள் செதுக்கிய கல்சிலுவை இருக்கிறது. கண்ணெதிரே திராட்சைத் தோட்டங்களும் கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடரும் இருக்கின்றன. இவற்றை ஒரே கித்தானில் சேர்க்க விரும்பும் ஓவியர் எந்த வண்ணத்தை எடுப்பது?

2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கச்கார் கலையின் உயிர், பின்னல் கோடுகளின் பள்ளத்தில் தங்கும் நிழலில்தான் இருக்கிறது. அக்ரிலிக்கோடு மாடலிங் பேஸ்ட் எனும் கெட்டியான பசையைக் கலந்து அப்பி, ஈரம் காயுமுன் தூரிகையின் பின்முனையால் கீறினால், அந்தப் பள்ளம் கித்தானிலும் உண்மையாகவே உருவாகிறது. அது நன்கு காய்ந்ததும் நீர்த்த பழுப்பைப் பூசித் துணியால் துடைக்கும்போது, பள்ளங்களில் மட்டும் கருமை தங்கி, நெடுங்காலம் வெயில்பட்ட கல்லைப்போல மேடுகள் வெளிறி நிற்பதைக் காண மனம் நெகிழ்கிறது.

எண்ணெய் வண்ணமோ காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தே இறுகுவதால், தடித்த பூச்சு முழுதும் காயப் பல மாதங்கள் ஆகலாம். இன்றைய துருக்கியிலுள்ள 'வான்' ஏரிப் பகுதியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்மீனிய ஓவியர் அர்ஷைல் கோர்க்கி, 1930-களில் எண்ணெய் வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றினார். 1940-களில் வர்ஜீனியாவின் வயல்வெளி அனுபவத்திலிருந்து வரைந்தபோது அதையே டர்பன்டைன் என்னும் கரைப்பானில் நீர்த்துக் கசியவிட்டார். அந்த மென்மை அக்ரிலிக்கில் எளிதில் வாய்ப்பதில்லை. அது சட்டென உலர்ந்து, நிறமும் சற்று அடர்ந்துவிடுகிறது.

ஆகவே கல்லுக்கு அக்ரிலிக்கையும், மலைமேல் மங்கும் அந்தி வானத்திற்கு எண்ணெயையும் நான் தேர்ந்தெடுப்பேன். காய்ந்த அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். எண்ணெயின்மேல் அக்ரிலிக் பூசினால் அது நாளடைவில் உரிந்துவிடும்.