முகமில்லாதவன் காசு: இரும்பு என்று வாங்கினேன், காந்தம் சீண்டவே இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடரை முழுசாகப் பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிக்கொள்ளலாம், கீழே கதை மொத்தமும் உடைகிறது. பார்த்து முடித்து வருஷக்கணக்கு ஆகியும், பிராவோஸ் நகரத்தில் முகம் மாற்றிக் கொல்கிற கூட்டத்திடம் வித்தை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியது ஆர்யா என்கிற பெண்தானா இல்லை அவள் முகத்தை மாட்டிக்கொண்டு வந்த வேறு யாரோவா என்று இன்னமும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கான ரிவ்யூ இது. நடிகர் ஆர்யாவைத் தேடி வந்தவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

இரண்டாம் சீசன் கடைசி எபிசோடில் அந்தக் கூட்டத்து ஜாக்கன் ஹகார் ஆர்யா கையில் ஒரு காசைக் கொடுத்துவிட்டு, தலையை ஒரு திருப்புத் திருப்பி வேறு முகத்தோடு நடந்து போவானே, அந்தக் காசின் நகலைத்தான் வாங்கினேன். ஆன்லைனில் ஒரு கடை, பேர் வேண்டாம். கூரியர் சேர்த்து 349 ரூபாய். கிருஷ்ணகிரிக்குச் சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துவிட்டது, கறுப்பு வெல்வெட் பை, உள்ளே ஒரு குட்டி அட்டை. பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் முக்காடு போட்ட தலை, முகம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று வெறுமனே விட்டிருக்கிறது. மறுபக்கம் வலார் மோர்குலிஸ், 'எல்லா மனிதரும் சாக வேண்டும்' என்கிற தொடரின் வாசகம். முக்காட்டின் மடிப்புகளை நிஜமாகவே நன்றாகச் செய்திருக்கிறார்கள், கட்டைவிரல் தானாகவே அந்த வெற்று முகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் காசைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும், இரண்டு அச்சு சேர்ந்த தடம். அதை அரம் போட்டுத் தேய்த்துவிட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அடுத்தது அந்தக் கருமைப் பூச்சு. பைக் சாவியோடு பேண்ட் பாக்கெட்டில் கொஞ்ச நாள் கிடந்ததற்கே முக்காட்டின் உச்சி வெளுத்து வெள்ளியாக மின்ன ஆரம்பித்துவிட்டது.

அங்கேதான் சந்தேகமே வந்தது. விளம்பரத்தில் 'அசல் இரும்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றி வைத்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன், சீண்டவே இல்லை. சரி, காந்தம் செத்துப்போயிருக்கும் என்று பழையபேட்டையில் தெரிந்த பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் காந்தமெல்லாம் எடுக்கவில்லை. கையில் ஒரு தரம் தூக்கிப் போட்டுப் பிடித்தார், கல்லாப்பெட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். "இரும்புன்னு யாரு தம்பி சொன்னது? ஏதோ கலவை ஊத்தி மேல மை அடிச்சிருக்கான். எடைக்குப் போட்டா ஒரு டீ கூட வராது."

மற்ற ஊர்க்காரனிடம் இதைச் செய்திருந்தால் போகட்டும். எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டசபையிலேயே அறிவித்தார்கள். நாலாயிரம் வருஷமாக இரும்பைத் தெரிந்து வைத்திருக்கிற ஊர்க்காரன் காதிலேயே பூ சுற்றினால் எப்படி? கடைக்கு எழுதிக் கேட்டேன். 'இரும்பு நிறம்' என்று எழுத நினைத்தது மாறிவிட்டதாம். விளம்பரத்தை இன்னும் திருத்தவில்லை.

ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. காரணம் எங்கள் கும்பல். ஞாயிறு சாயங்காலம் கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் வறுவல் சாப்பிடப் போவோம், சாப்பாட்டைவிட சத்தம் அதிகம், ஒருத்தன் தியரியை இன்னொருத்தன் முடிக்க விடமாட்டான். இப்போது காசு யார் கையில் இருக்கிறதோ அவன் மட்டும் பேசலாம் என்று சட்டம் போட்டாயிற்று. எண்ணெய்க் கையோடு வாங்கக் கூடாது என்பது துணைச் சட்டம், இருக்கிற பூச்சாவது மிஞ்சட்டும்.

முகம் மாற்றிக் கொல்கிறவர்களைப் பற்றி 2016 ஜூனில் கிளம்பிய மாதிரித் தியரிகள் அதற்கப்புறம் வரவில்லை என்பேன். ஆறாம் சீசன் ஏழாம் எபிசோடில் ஆர்யா ராணி மாதிரி பிராவோஸ் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாள், அதே கூட்டத்தில் ஆர்யாவுக்கு அடி கொடுத்துப் பயிற்சி தந்த வெய்ஃப் கிழவி வேஷத்தில் வந்து வயிற்றில் குத்துகிறாள். கொலைகாரக் கூட்டத்துக்குப் பயந்து ஒளிந்திருந்தவள் எப்படி இடுப்பில் ஊசி வாள்கூட இல்லாமல் நடுப்பாலத்தில் நிற்பாள்? அது ஆர்யாவே இல்லை, வெய்ஃபை சோதிக்க ஜாக்கன்தான் அவள் முகத்தில் வந்தான் என்றது ஒரு கட்சி. நாடகக் குழுவோடு சுற்றினாளே, சட்டைக்குள் ரத்தப் பை கட்டியிருக்கிறாள் என்றது இன்னொரு கட்சி. வெய்ஃப் என்று ஒருத்தியே கிடையாது, எல்லாம் ஆர்யாவின் மனசுக்குள் நடக்கிறது என்றவர்கள்கூட உண்டு. ஒரு வாரம் கழித்து வந்த பதில் என்ன? நிஜமாகவே ஆர்யாதான், நிஜமாகவே குத்துதான், நாடகக்காரி தையல் போட்டாள், தூங்கி எழுந்து கூரை கூரையாக ஓடினாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தார்கள்.

எங்கள் சித்தப்பா பையன் ஒருத்தன் இருக்கிறான், ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் வருவான். காசு கையில் வந்தால் அவன் ஒரே தியரிதான் சொல்வான்: திரும்பி வந்தது வெய்ஃப். கடைசிச் சண்டையில் ஆர்யா மெழுகுவர்த்தியை வெட்டியதும் திரை இருட்டாகிவிடுகிறது, யார் யாரைக் கொன்றார்கள் என்று நாம் பார்க்கவே இல்லை, செத்தவர் முகங்களை மாட்டி வைக்கிற சுவரில் வெய்ஃப் முகம் தொங்குகிறது என்பதை மட்டும்தான் காட்டினார்கள். அதற்கப்புறம் பிறந்த வீடான வின்டர்ஃபெல் வந்த பெண் சொந்த அக்காவையே கத்தியைக் காட்டி மிரட்டுகிறாள், மூஞ்சியில் ஈரமே இல்லை.

அப்படியென்றால் ஹாட் பை என்கிற பழைய சிநேகிதனை எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டால், அதற்கும் தயாராக வைத்திருக்கிறான். தொடருக்கு மூலமான நாவல் வரிசையின் ஐந்தாம் புத்தகத்தில் செத்த பெண்ணின் முகத்தை ஆர்யாவுக்குப் போட்டுவிடும்போது, அந்தப் பெண் வாங்கிய அடி உதையெல்லாம் இவளுக்கு நினைவில் வந்து போகும். முகத்தோடு ஞாபகமும் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆக வெய்ஃபுக்கு எல்லாரையும் தெரியும். நியாயமான பாயிண்ட், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் ஆர்யா வளர்த்த ஓநாய் நைமீரியாவை இழுத்தேன். "ஓநாய்க்கு மூஞ்சி எதுக்குடா, அதுக்கு வாசனை போதும். ஏழாம் சீசன்ல காட்டுல கிட்ட வந்து பார்த்துச்சா இல்லையா?"

"வந்து மோந்து பார்த்துட்டு, கூட வராமப் போச்சே, அது ஏன்னு யோசிச்சியாண்ணா?"

ஓநாய்க்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. முகம் மாட்டுகிற சட்டத்தை வைத்து மடக்கலாம் என்று பார்த்தேன், அதுவும் அவன் தியரியைக் காப்பாற்றுகிற பதிலாகப் போய்விட்டது. செத்தவர் முகத்தைத்தான் மாட்ட முடியும் என்பதுதான் சட்டம் என்றால், ஐந்தாம் சீசன் முடிவில் செத்துக் கிடக்கிறவனின் முகத்தை ஆர்யா ஒவ்வொன்றாக உரிக்கும்போது கடைசியில் அவள் முகமே வருகிறதே, அது எப்படி? உயிரோடு நிற்கிறவள் முகம் அங்கே எப்படிப் போனது? சட்டத்தை உடைத்தது தொடர்தான், ரசிகர்கள் இல்லை. உயரக் கணக்கும் அப்படித்தான். வால்டர் ஃப்ரே என்கிற கிழவன் முகத்தை மாட்டினால் ஆளே வளர்ந்து, தோள் அகன்று, தொண்டையும் கிழடாகிவிடுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

புத்தகக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். ஜாக்கன் கடைசியாக மாறிய முகத்தில் வளைந்த மூக்கு, கன்னத்தில் தழும்பு, சுருட்டைக் கறுப்பு முடி. இரண்டு புத்தகம் தள்ளி, நாலாம் புத்தகத்தின் ஆரம்பத்தில் ஓல்ட்டவுன் நகரத்தில் பேட் என்ற பையனைக் கொல்கிற ரசவாதிக்கும் அதே அங்க அடையாளம், அப்புறம் புத்தகம் முடிகிற இடத்தில் செத்த பேட் வந்து வணக்கம் சொல்கிறான். யாரும் விளக்கம் கொடுப்பதில்லை, படிக்கிறவன்தான் முடிச்சுப் போட வேண்டும். அதே ஐந்தாம் புத்தகத்தில் காசைக் கடித்துப் பார்க்கிற பழக்கமுள்ள ஒரு கிழவரை ஆர்யா தீர்த்துக்கட்டுவதும் விஷம் தடவிய காசை வைத்துத்தான். (நம் காசைக் கடித்துச் சோதிக்க நினைப்பவர்களுக்கு: பூச்சு நாக்கில் கசக்கிறது, வேண்டாம்.)

வேஷம் போட்டுக் கொல்கிற கதை நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் கீசகன் கதை ஆடுவார்கள், பாஞ்சாலி மாதிரி இருட்டில் பீமன் உட்கார்ந்திருப்பான், கீசகன் ஆசையோடு வந்து மாட்டுவான். பீமனின் தோள் எவ்வளவு அகலம் என்று கூத்துப் பார்க்கிற குழந்தைக்கும் தெரியும், அதனால்தான் இருட்டு என்று கதையிலேயே ஒரு காரணம் வைத்திருக்கிறான். அந்த ஒரு காரணத்தைத்தான் நான் இந்தத் தொடரில் தேடினேன். அதற்குப் பதில் எட்டாம் சீசனில் ஆர்யா ஒரு முகம்கூட மாட்டவில்லை. ராணி செர்சியை அவளுடைய இரட்டைச் சகோதரன் ஜேமி முகத்தில் வந்து கொல்வாள் என்று எத்தனை பேர் எழுதினார்கள்! செர்சி கல் விழுந்து செத்தாள். சூழ்ச்சிக்காரன் லிட்டில்ஃபிங்கர் சாகவே இல்லை, காசு வாங்கிய வேறு ஒருத்தன்தான் அவன் முகத்தோடு செத்தான் என்று நம்பியவர்களுக்கும் பட்டை நாமம்தான். இத்தனை பாடுபட்டுக் கற்ற வித்தை ஃப்ரே வீட்டோடு முடிந்துபோயிற்று.

சரி, காசுக்கு வருவோம். 349 ரூபாய்க்கு மேஜை மேல் வைக்க, கையில் உருட்ட, தியரி சண்டையில் நடுவர் வேலை பார்க்க இது போதும், ஐந்துக்கு மூன்று. இரும்பு என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அல்லது ஆர்டர் போடுவதற்கு முன்னால் காந்தம் வைத்த வீடியோ ஒன்று கேளுங்கள், எந்தக் கடை அனுப்புகிறதோ அதில் வாங்குங்கள். பரிசாகக் கொடுப்பவர்கள் அதே கடையின் சாவிக்கொத்து மாடல் பக்கம் போக வேண்டாம். எங்கள் கும்பலில் ஒருத்தன் வாங்கினான், வளையம் மாட்ட ஓட்டை போட்ட இடத்தில் மோர்குலிஸ் பாதி காணவில்லை.