பார்க்கிங்குக்குத் தனியாக 4 லட்சம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

மும்பை செம்பூரில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. நேற்று சொசைட்டியிலிருந்து, அதாவது குடியிருப்புக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, நோட்டீஸ். பொது இடத்தை ஆக்கிரமித்தேனாம். 4 லட்சம் கொடுத்து வாங்கிய இடத்தில் என் காரை நிறுத்தியதற்கு! ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு விற்கிற ஆப் ஒன்றில்தான் விளம்பரம் பார்த்தேன். வந்த புரோக்கர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பதினைந்து வருடமாக இந்தியோடு மல்லுக்கட்டுகிறவனை ஒருத்தர் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? அங்கேயே விழுந்துவிட்டேன். கீழே தூண்களுக்கு நடுவே கூட்டிப்போய்க் காட்டினார். தூணில் மஞ்சள் பெயின்ட்டில் 7 என்று இருந்தது, தரையில் ஆயில் கறை. "ஓனர் பத்து வருசமா இங்கதான் நிறுத்துதாரு. இது தனி, நாலு லட்சம். அக்ரிமென்ட்ல போடாண்டாம் அண்ணாச்சி, ஸ்டாம்ப் டியூட்டி ஏறிரும்" என்றார். ஆறு சதவீதம், அதாவது 24,000 மிச்சம் என்று நானும் கணக்குப் போட்டேன். ஸ்வீட் கடைப் பையில் 4 லட்சம் ரொக்கம். கிடைத்தது ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து.

குடிவந்த வாரமே சொசைட்டி செக்ரட்டரி பை-லா (சங்க விதிமுறை) புத்தகத்தைப் பிரித்துக் காட்டிவிட்டார். பென்சிலால் கோடு போட்டே வைத்திருந்தார், எத்தனை பேருக்குக் காட்டினாரோ. இடம் சொசைட்டியுடையது; உறுப்பினருக்கு நிறுத்திக்கொள்ளத்தான் உரிமை, விற்க உரிமை கிடையாது. பழைய ஓனர் போனதும் இடம் சொசைட்டிக்குத் திரும்பிவிட்டது. எனக்கு முன்னால் காத்திருப்பவர்கள் 11 பேர். பில்டரே திறந்தவெளி பார்க்கிங்கையோ தூணடி பார்க்கிங்கையோ தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டதாம். இது எதுவும் தெரியாமல்தான் 4 லட்சம் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் நான் செய்ததும் தப்புதான். காசு கொடுத்தவன் என்ற வீம்பில் இரும்புக் கம்பம் நட்டுப் பூட்டுப் போட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் நோட்டீஸ். பதில் சொல்லாவிட்டால் பொதுக்குழுவில் வைத்து வருடத்துக்கு 5,000 வரை அபராதம் போடலாமாம். கட்டாமல் இழுத்தடித்தால் வட்டி வேறு. நிலுவை ஏறினால் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் வாங்கி, நிலவரி பாக்கி மாதிரி வசூலிப்பார்களாம். வீட்டையே ஜப்தி செய்யலாம் என்கிறார் வக்கீல்.

புரோக்கரைக் கேட்டால் முதலில் "கமிட்டிட்ட பேசிட்டிருக்கேன் அண்ணாச்சி", அப்புறம் "ஊருக்கு வந்திருக்கேன்", இப்போது போனே எடுப்பதில்லை. பழைய ஓனர் புனேக்குப் போய்விட்டார். "நான் வீட்டைத்தானே விற்றேன்" என்கிறார். ஆப்காரர்களுக்கு மூன்று புகார், மூன்று நம்பர், ஒரே பதில்: நாங்கள் இணைத்துவைப்பவர்கள் மட்டுமே. போலீஸ் ஸ்டேஷனில் முதல் கேள்வியே ரொக்கமாக ஏன் கொடுத்தாய் என்பதுதான். 4 லட்சம் சார், என் மனைவியின் நகைக்கடன் அதில் பாதி.

யோசித்து விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் சொசைட்டி ஆபீசுக்கு நீங்களே போங்கள், புரோக்கரை அனுப்பாதீர்கள். பார்க்கிங் யார் பெயரில், பழைய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வீடு கைமாறுவதற்கு சொசைட்டி வாங்கும் மாற்றுக் கட்டணம் என்று 25,000-க்கு மேல் கேட்டாலும் கொடுக்காதீர்கள், மும்பையில் அதுதான் உச்சவரம்பு. ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்று காலை கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். 7-ன் மேல் வெள்ளை அடித்திருக்கிறார்கள். கார் தெருவில் நிற்கிறது.